ஒரு மதிப்பெண் விடைகள்

எங்கள் வீட்டு வரவேற்பறைக் கண்ணாடி அலமாரியில் ஏழு கோப்பைகள் இருக்கின்றன. ஏழும் பொது அறிவுப் புதிர்ப்போட்டிகளில் நான் வாங்கியவை. தமிழ்ப்பள்ளியில் இரண்டு, இடைநிலைப்பள்ளியில் நான்கு, பல்கலைக்கழகத்துக்கு வந்த முதலாண்டில் ஒன்று. வெள்ளிக்கிழமைதோறும் சாமிப் படங்களைத் துடைக்கும் கையோடு அம்மா அவற்றையும் துடைத்து வைப்பார். வீட்டுக்கு யார் வந்தாலும் பேச்சு எப்படியாவது அந்த அலமாரிப் பக்கம் திரும்பிவிடும். பெருமைக்காக இதைச் சொல்லவில்லை. இந்தக் கட்டுரையில் பொது அறிவுப் போட்டிகளைப் பற்றிச் சில குறைகளைச் சொல்லப் போகிறேன். தோற்றவன் புலம்புகிறான் என்று யாரும் எண்ணிவிடக் கூடாதே என்றுதான் முதலிலேயே சொல்லி வைக்கிறேன்.

சென்ற ஆண்டு தீபாவளி விடுமுறையில் மாமா வீட்டுக்கு வந்திருந்தார். அம்மாவின் தம்பி. கிள்ளானில் லோரி ஓட்டுகிறார். முறுக்குத் தட்டை அம்மா அவர் பக்கம் நகர்த்தாமல் என் பக்கமாகவே வைத்திருந்தார். மாமாவுக்குப் பத்து ஆண்டுகளுக்கு மேலாக இனிப்பு நீர். அரசாங்க கிளினிக்கில் மாத்திரை போதவில்லை என்று இன்சுலின் ஊசி எழுதிக் கொடுத்திருந்தார்கள். அம்மா அடுப்படிக்குப் போன சமயம் பார்த்து மாமா என்னிடம் மெதுவாகக் கேட்டார்:

"தம்பி, நீதான் எல்லாம் தெரிஞ்சவனாச்சே. இந்த ஊசி போட ஆரம்பிச்சா கிட்னி போயிடும்னு சொல்றாங்களே, உண்மையா?"

இன்சுலினைப் பற்றி எனக்கு நிறையவே தெரியும் நண்பர்களே! கனடாவின் தொரோண்டோ நகரில் 1921-ஆம் ஆண்டு பாண்டிங், பெஸ்ட் ஆகிய இருவர் நாயின் கணையத்திலிருந்து அதைப் பிரித்தெடுத்தார்கள். 1922 ஜனவரியில் லெனர்ட் தாம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு முதன்முதலாகச் செலுத்தப்பட்டது. 1923-இல் பாண்டிங்குக்கும் மெக்லியோடுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. எந்த நேரத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லுவேன். ஆனால் மாமா கேட்டதற்கு என்னிடம் விடை இல்லை. "டாக்டரைக் கேளுங்க மாமா" என்றேன். அவரும் "சரி தம்பி" என்றார். அவர் டாக்டரைக் கேட்கவில்லை. டாக்டரைக் கேட்க முடிகிறவராக இருந்தால் என்னிடம் ஏன் கேட்கப் போகிறார்?

அந்த ஊசிகள் அவர் வீட்டுக் குளிர்பெட்டியில் நான்கு மாதம் அப்படியே கிடந்தன. மார்ச் மாதத்தில் கால் விரலில் ஒரு சிறு புண் வந்தது. ஆறவில்லை. விரலை எடுக்கும்படி ஆனது.

என் பதிலால்தான் அவர் விரல் போயிற்று என்று சொல்ல மாட்டேன். அம்மாவும் அப்படிச் சொல்லவில்லை. ஆனால் மருத்துவமனை வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது கைப்பேசியில் கால் மணி நேரம் தேடிப் படித்ததிலேயே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது. சிறுநீரகத்தைக் கெடுப்பது ஊசி அல்ல. ஆண்டுக்கணக்கில் இரத்தத்தில் ஏறி நிற்கும் சீனிதான் நுண்ணிய இரத்தக் குழாய்களைப் பழுதாக்கி, சிறுநீரகம், கண், கால் என்று ஒவ்வொன்றாகப் பதம் பார்க்கிறது. பலருக்கு ஊசியை எழுதிக் கொடுப்பதே நோய் முற்றிய பிறகுதான். அந்த வேளையில் சிறுநீரகமும் கெட ஆரம்பித்திருக்கும். பார்ப்பவர்கள் இரண்டையும் முடிச்சுப் போட்டுவிடுகிறார்கள். இவ்வளவுதான் விஷயம். இதைத் தீபாவளியன்றே மாமாவிடம் சொல்லியிருக்கலாம். எனக்கு ஆண்டு தெரிந்திருந்தது, நகரம் தெரிந்திருந்தது, பரிசு பெற்றவர் தெரிந்திருந்தது. இன்சுலின் உடம்புக்குள் என்ன செய்கிறது என்று மட்டும் எந்தப் போட்டியிலும் யாரும் என்னைக் கேட்டதில்லை. அதனால் நானும் தெரிந்துகொள்ளவில்லை.

நாங்கள் எப்படித் தயாராவோம் என்பது போட்டிகளில் கலந்துகொண்டவர்களுக்குத் தெரியும். ஒரு தடித்த நோட்டுப் புத்தகம். இடப்பக்கம் கேள்வி, வலப்பக்கம் விடை. அண்ணன்மார் அக்காமார் கையிலிருந்து தம்பி தங்கையர் கைக்கு அது வந்து சேரும். மிக நீளமான நதி, மிக ஆழமான ஏரி, முதலில் சென்றவர், கடைசியாக ஆண்டவர். நான் பெற்ற நோட்டில் சூரியக் குடும்பத்தில் ஒன்பது கோள்கள் இருந்தன. 2006-இல் புளூட்டோவை அந்த வரிசையிலிருந்து எடுத்துவிட்ட செய்தியை யாரோ பென்சிலால் எட்டு என்று திருத்திப் பதிவு செய்திருந்தார்கள். ஏன் எடுத்தார்கள் என்று எழுதவில்லை. கஸக்ஸ்தானின் தலைநகர் அஸ்தானா என்று இருந்ததை 2019-இல் நூர்சுல்தான் என்று நானே அடித்து எழுதினேன். 2022-இல் அது மறுபடியும் அஸ்தானா ஆகிவிட்டது! நோட்டை அதற்குள் தம்பி ஒருவனிடம் கொடுத்துவிட்டேன். அவன் திருத்தினானோ இல்லையோ.

அந்த ஏழு கோப்பைகளில் ஒன்றைப் பற்றி இதுவரை யாரிடமும் சொல்லாத ஒரு செய்தி உண்டு. படிவம் நான்கில் இருந்தபோது நடந்த ஒரு மாவட்ட அளவிலான போட்டி. இறுதிச் சுற்று. "நிலவிலிருந்து பார்த்தால் கண்ணுக்குத் தெரியும், மனிதன் கட்டிய கட்டுமானம் எது?" என்று வேறொரு பள்ளிக் குழுவிடம் கேட்டார்கள். அந்தக் குழுவில் இருந்த மாணவி எழுந்து, "எதுவும் தெரியாது, ஐயா" என்றாள். தனக்குத் தெரியாது என்று சொல்கிறாள் எனக் கேள்வி கேட்டவர் எடுத்துக்கொண்டார். "இல்லை ஐயா, நிலவிலிருந்து பார்த்தால் எந்தக் கட்டடமும் தெரியாது என்கிறேன்" என்று அவள் விளக்கினாள். அவர் கையிலிருந்த தாளைப் பார்த்தார். தவறு என்றார். கேள்வி எங்கள் குழுவுக்கு வந்தது.

அவள் சொன்னதுதான் சரி என்று எனக்குத் தெரியும். நிலவு ஏறத்தாழ 384,000 கிலோமீட்டர் தொலைவில் இருக்கிறது. சீனப் பெருஞ்சுவர் ஆயிரக்கணக்கான கிலோமீட்டர் நீளமாக இருக்கலாம், ஆனால் அகலம் சில மீட்டர்தான். ஐந்து கிலோமீட்டருக்கு அப்பால் கிடக்கும் ஒரு தலைமயிரைப் பார்க்க முடிந்தால் நிலவிலிருந்து அந்தச் சுவரையும் பார்க்கலாம். 2003-இல் விண்வெளிக்குச் சென்ற முதல் சீனரான யாங் லிவெய், பூமியைச் சுற்றும் பாதையிலிருந்தே அது தன் கண்ணுக்குத் தெரியவில்லை என்று சொன்னார். இத்தனையும் தெரிந்திருந்தும் நான் எழுந்து "சீனப் பெருஞ்சுவர்" என்றேன். அரங்கம் கைதட்டியது. அந்த ஒரு மதிப்பெண் வித்தியாசத்தில் கோப்பை எங்களுக்கு வந்தது. கீழே இறங்கும்போது அந்த மாணவி என்னைப் பார்த்தாள். எனக்கும் தெரியும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது என்றே இன்றுவரை நினைக்கிறேன்.

தாளில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதுதான் எங்களுக்குப் பயிற்சியாக இருந்தது. உலகில் என்ன இருக்கிறது என்பது வேறு பாடம்.

இப்படிச் சொல்வதால் பெயர்களும் ஆண்டுகளும் வீண் என்று ஆகிவிடாது. ஒவ்வொரு ஒற்றைவரி விடைக்குப் பின்னாலும் ஒரு பெரிய கதை உட்கார்ந்திருக்கிறது. அதன் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பிவிடுகிறோம் என்பதுதான் என் ஆதங்கம். சில வேளைகளில் அந்தக் கதை நம் வீட்டுக் கதையாகவே இருக்கிறது.

மலேரியா கொசுவால் பரவுகிறது என்பதைக் கண்டுபிடித்தவர் யார்? ரொனால்ட் ராஸ். ஒரு மதிப்பெண். 1897 ஆகஸ்டு 20-ஆம் நாள், செகந்திராபாத்தில், கொசுவின் இரைப்பைச் சுவரில் மலேரியாக் கிருமியை அவர் கண்டார். 1902-இல் நோபல் பரிசு. இதோடு நோட்டு முடிந்துவிடும். அந்தக் கிருமியை மனித இரத்தத்தில் முதலில் கண்டவர் லவெரான் என்ற பிரெஞ்சு மருத்துவர் என்பதும், மனிதர்களுக்கு மலேரியாவைக் கடத்துவது அனோபிலிஸ் வகைக் கொசு என்று 1898-இல் மெய்ப்பித்தவர்கள் இத்தாலிய ஆய்வாளர்கள் என்பதும் நோட்டில் வராது. அது போகட்டும். எனக்கு வியப்பைத் தந்தது வேறு. ராஸின் கண்டுபிடிப்பை ஏட்டிலிருந்து மண்ணுக்கு இறக்கி, உலகில் முதன்முதலில் வெற்றி கண்ட இடங்களில் ஒன்று நான் பிறந்த கிள்ளான்!

மால்கம் வாட்சன் என்ற ஸ்காட்லாந்து மருத்துவர் 1901-இன் தொடக்கத்தில் கிள்ளான் மாவட்ட மருத்துவராக வந்து சேர்ந்தார். அந்த ஆண்டு செப்டம்பரில் போர்ட் சுவெட்டன்ஹாம் துறைமுகம் திறக்கப்பட்டது. இன்றைய போர்ட் கிள்ளான்தான் அது. திறந்த சில வாரங்களிலேயே துறைமுகத் தொழிலாளர்களும் அதிகாரிகளும் காய்ச்சலில் விழுந்தார்கள். புதிய துறைமுகத்தையே மூடிவிடலாமா என்று பேசும் அளவுக்கு நிலைமை போயிற்று. வாட்சன் ஊரைச் சுற்றியிருந்த சதுப்பு நிலத்தில் வாய்க்கால் வெட்டி நீரை வடியவைத்தார். புதர்க்காட்டை அழித்தார். ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் இருந்த காய்ச்சல்காரர்களின் எண்ணிக்கை சில ஆண்டுகளில் பத்துக் கணக்குக்கு இறங்கியது. இன்று கிள்ளானில் மழைக்குப் பெருக்கெடுக்கும் வாய்க்கால்களைப் பார்த்துச் சலித்துக்கொள்ளும் நாங்கள், அந்த ஊர் பிழைத்ததே வாய்க்காலால்தான் என்பதை அறியாமலே வளர்ந்தோம்.

இதற்குப் பிறகு நடந்ததுதான் முக்கியம். கடலோரத்தில் வெற்றி கண்ட அதே முறையை உள்நாட்டு மலைப்பாங்கான தோட்டங்களிலும் கையாண்டார்கள். காடு அழிக்கப்பட்டது, ஓடைகளின் மேல் கிடந்த நிழல் நீக்கப்பட்டது. மலேரியா குறையவில்லை. கூடியது! காரணம், கொசு ஒரே இனம் அல்ல. கடலோரச் சதுப்பில் நோயைப் பரப்பியது அம்புரோசஸ் என்ற அனோபிலிஸ் இனம். அது நிழலில் கிடக்கும் நீரில் முட்டையிடும். (அந்த இலத்தீன் பெயரின் பொருளே நிழல் சார்ந்தது என்பதுதான்.) மலையோடைகளில் இருந்ததோ மக்குலாத்தஸ் என்ற இனம். அதற்கு வெயில் படும் தெளிந்த ஓடைநீர்தான் பிடிக்கும். கீழே உயிர் காத்த வேலை மேலே உயிரைக் குடித்தது. வாட்சன் இதை உணர்ந்து, மலைப்பகுதிகளில் ஓடைநீரைக் குழாய்களில் நிலத்தடியே கொண்டுபோகவும், நீர்ப்பரப்பில் எண்ணெய் தெளிக்கவும் செய்தார். தம் அனுபவத்தை 1911-இல் நூலாகவும் எழுதினார். "மலேரியாவைத் தடுக்கக் காட்டை அழிக்க வேண்டும்" என்பது ஒரு மதிப்பெண் விடை. எந்தக் காடு, எந்தக் கொசு என்று கேட்பவர்தான் தொழிலாளியைக் காப்பாற்ற முடியும்.

அந்தத் தோட்டங்களில் காய்ச்சலில் விழுந்தவர்களில் பெரும்பாலோர் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. நம் பூட்டன்மார், பூட்டிமார். இதைப் படித்துவிட்டு வீட்டுக்குப் போனபோது பாட்டியிடம் கேட்டேன். காப்பார் பக்கம் ஒரு பால்மரத் தோட்டத்தில் பிறந்தவர் அவர். "மலேரியாவா? எங்கம்மா சொல்லும். பெரட்டுல நிக்கிறப்பவே டிரசரு கொயினா மருந்து ஊத்துவாராம். கசப்புன்னா அப்படி ஒரு கசப்பாம். வாயிலயே வெச்சிருந்து துப்பிடுவாங்கன்னு, முழுங்கினப்புறம் பேரைச் சொல்லச் சொல்லுவாராம்" என்றார். ஏழு கோப்பை வாங்கியவனுக்கு இது தெரியாமல் இருந்தது. ரொனால்ட் ராஸ் பெயர் பாட்டிக்குத் தெரியாது. இருவருக்கும் நடுவில் அந்த மேசையில் ஒரு முழு வரலாறு இருந்தது. அதைச் சேர்த்துப் பார்க்க எங்கள் யாருக்கும் கற்றுத்தரப்படவில்லை.

ஒரு சேர்க்கை. மனிதரைத் தாக்கும் மலேரியாக் கிருமி நான்கு வகை என்று என் நோட்டில் இருந்தது. குரங்குகளிடம் காணப்படும் நோலெசி என்ற ஐந்தாவது வகை, மனிதர்களையும் பரவலாகத் தாக்குகிறது என்பதை 2004-இல் சரவாக்கின் காப்பிட் பகுதியில் ஆய்வு செய்து வெளியிட்டவர்கள் நம் நாட்டுப் பல்கலைக்கழகம் ஒன்றின் ஆய்வாளர்கள். 2018 முதல் மலேசியாவில் மனிதரிடமிருந்து மனிதருக்குப் பரவும் உள்நாட்டு மலேரியா இல்லை. ஆனால் நோலெசி ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கானோரைத் தாக்கிக்கொண்டிருக்கிறது. இது எந்த நோட்டிலும் ஏறவில்லை.

சோற்றைப் பற்றியும் ஒரு கதை இருக்கிறது. வைட்டமின் பி1 குறைந்தால் வரும் நோய் எது? பெரிபெரி. ஒரு மதிப்பெண். கண்டறிந்ததற்காக 1929-இல் நோபல் பரிசு பெற்றவர் யார்? ஜாவாவில் கோழிகளை வைத்து ஆராய்ந்த டச்சு மருத்துவர் எய்க்மன். இன்னொரு மதிப்பெண். சரி, மலாயாவில்?

நூறாண்டுகளுக்கு முன் மலாயா ஈயச் சுரங்கங்களில் சீனத் தொழிலாளர்கள் பெரிபெரியால் கால் வீங்கி, நரம்பு தளர்ந்து, ஆயிரக்கணக்கில் மாண்டார்கள். அதே நாட்டில், அவர்களைவிட வசதியாக ஒன்றும் வாழாத தமிழ்த் தோட்டத் தொழிலாளர்களுக்கு அந்த நோய் அபூர்வமாகவே வந்தது. ஏன்? நெகிரி செம்பிலானில் பணியாற்றிய பிராடன் என்ற மருத்துவர் இந்த வித்தியாசத்தைக் கவனித்தார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, தீட்டிய வெள்ளைப் பச்சரிசி. தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி! கோலாலம்பூர் மனநல மருத்துவமனையில் ஃபிளெட்சர் என்ற மருத்துவர் 1905-இல் நோயாளிகளை இரு பிரிவாக்கி ஒரு சோதனை நடத்தினார். பச்சரிசி உண்ட 120 பேரில் முப்பதுக்கும் மேற்பட்டோருக்குப் பெரிபெரி கண்டது, 18 பேர் இறந்தார்கள். புழுங்கல் அரிசி உண்ட பிரிவில் பெரிபெரியால் ஒருவரும் இறக்கவில்லை. அந்த மனிதர்களிடம் யாரும் சம்மதம் கேட்டிருக்க மாட்டார்கள் என்பதையும் இங்கே நினைக்காமல் இருக்க முடியவில்லை. பிறகு ஃபிரேசர், ஸ்டாண்டன் என்ற இருவர் நெகிரி செம்பிலானின் டுரியான் தீப்புஸில் சாலை போட வந்த ஜாவானியத் தொழிலாளர்களிடையே ஆராய்ந்து, தீட்டும்போது கழிந்துபோகும் தவிட்டில்தான் உயிர்ச்சத்து இருக்கிறது என்று உறுதிப்படுத்தினார்கள். நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலுள்ள அந்தச் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு தீட்டினாலும் ஓரளவு தங்கிவிடுகிறது.

இதில் இன்னொரு சுவை உண்டு. பிராடன் அரிசியைச் சரியாகச் சுட்டிக்காட்டினார், ஆனால் காரணத்தைத் தவறாகச் சொன்னார். பழைய அரிசியில் ஏதோ நச்சு இருப்பதாக அவர் நம்பினார். நச்சு இருந்ததால் வந்த நோய் அல்ல, சத்து இல்லாததால் வந்த நோய். "இல்லாதது" ஒன்று ஆளைக் கொல்லும் என்று எண்ணிப் பார்ப்பது அந்தக் காலத்தில் அவ்வளவு கடினமாக இருந்திருக்கிறது. போட்டித் தாளில் பிராடனுக்கு மதிப்பெண் இல்லை. எனக்கு என்னவோ, எய்க்மனைவிட அவரிடம்தான் அதிகம் கற்றுக்கொண்டதாகத் தோன்றுகிறது. புழுங்கல் அரிசி கௌரவக் குறைச்சல் என்று வெள்ளை அரிசிக்கு மாறிய குடும்பங்களில் எங்களுடையதும் ஒன்று.

புவியியலுக்கு வருவோம். மலேசிய நேரம் கிரீன்விச்சைவிட எத்தனை மணி முந்தியது? எட்டு. ஆனால் 15 பாகைக்கு ஒரு மணி என்ற கணக்கில் கோலாலம்பூருக்கு ஏழு மணிக்கும் சற்றுக் குறைவாகவே வரவேண்டும். 1981 முடியும்வரை தீபகற்பத்தில் ஏழரை மணியாக இருந்தது. சபா, சரவாக்கோடு ஒரே நேரம் வேண்டும் என்று 1982 ஜனவரி முதல் நாள் அரை மணி முன்னால் தள்ளினார்கள், சிங்கப்பூரும் கூடவே வந்தது. அதனால்தான் நம் பிள்ளைகள் இருட்டில் எழுந்து பள்ளிக்கூடப் பேருந்துக்கு நிற்கிறார்கள், சூரியனும் ஒன்றேகால் மணி அளவில்தான் உச்சிக்கு வருகிறது. "எட்டு" என்று சொன்னவன் இதை யோசிக்க வேண்டிய தேவையே இல்லை.

வரலாற்றில் ஒன்றே ஒன்று சொல்கிறேன். குவாய் நதிப் பாலம் எந்த நாட்டில் இருக்கிறது? தாய்லாந்து. அந்தச் சயாம் மரண ரயில்பாதை 415 கிலோமீட்டர், 1943 அக்டோபரில் இணைக்கப்பட்டது. அதில் 12,000-க்கும் மேற்பட்ட நேசநாட்டுப் போர்க்கைதிகள் இறந்தார்கள். காஞ்சனபுரிக் கல்லறையில் ஏறத்தாழ 7,000 கற்கள் வரிசையாக நிற்கின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றில் பெயர் இருக்கிறது. மலாயாத் தோட்டங்களிலிருந்து லோரிகளில் ஏற்றிச் செல்லப்பட்ட பல்லாயிரம் தமிழர்களுக்கு அப்படி ஒரு வரிசை இல்லை. ஆசியத் தொழிலாளர்களில் எத்தனை பேர் இறந்தார்கள் என்பதற்கு இன்றும் மதிப்பீடுகள்தாம் உண்டு, துல்லியமான கணக்கு இல்லை. பாட்டியின் பெரியப்பா ஒருவர் அங்கே போனவர்தான். திரும்பவில்லை. அவர் பெயர் பாட்டிக்குத் தெரியும். நோட்டில் அதற்குப் பக்கம் இல்லை.

இவ்வாண்டு கழகத்தின் புதிர்ப்போட்டிக்குக் கேள்வி தயாரிக்கும் பொறுப்பு எனக்கு வந்தது. "ஏன்?" என்று ஒரு சுற்று வைக்கலாம் என்றேன். விடையைத் தாளில் பார்த்துச் சரி, தவறு என்று சொல்ல முடியாத கேள்விகள். ஒன்றரை நிமிடம் விளக்க வேண்டும். செயலவைக் கூட்டத்தில் கடும் எதிர்ப்பு. நேரம் போதாது, பார்வையாளர்கள் எழுந்து போய்விடுவார்கள், நீதிபதிகளுக்கே விடை தெரியாவிட்டால் என்ன செய்வது என்றார்கள். மூன்றாமாண்டு அக்கா ஒருவர் சொன்னதுதான் என்னைச் சற்று அடக்கியது. "தம்பி, பெயரும் ஆண்டும் தெரியாதவன் எதை வைத்து ஏன் என்று கேட்பான்? தோட்டத்தில் ஒரு மெண்டோலில் படித்த எங்களுக்கு உலகம் என்று ஒன்று இருப்பதையே காட்டியது அந்த நோட்டுத்தான். உனக்கு அது சலித்துவிட்டது என்பதற்காக அடுத்தவன் கையிலிருந்து பிடுங்காதே" என்றார்.

அவர் சொன்னது நியாயம். ராஸ் என்ற பெயர் என் மனத்தில் இல்லாதிருந்தால் வாட்சனைத் தேடிப் போயிருக்க மாட்டேன். நூலகம் இல்லாத பள்ளிகளுக்கு அந்த நோட்டு எவ்வளவு பெரிய கொடை என்பதையும் மறுக்க முடியாது. ஆகவே நோட்டை எரிக்கச் சொல்லவில்லை. அதன் வலப்பக்கத்தில் விடைக்குக் கீழே நான்கு வரி இடம் விடுங்கள் என்றுதான் கேட்கிறேன். நீதிபதிகளுக்கு விடை தெரியாது என்ற வாதத்தை மட்டும் என்னால் ஏற்க முடியவில்லை. இப்பல்கலைக்கழகத்தில் மருத்துவமும் மண்ணியலும் வரலாறும் கற்பிக்கும் தமிழ் விரிவுரையாளர்கள் இருக்கிறார்கள். ஒரு மாலைப்பொழுதுக்கு அவர்களை அழைத்தால் வரமாட்டார்களா?

முடிவில் நாற்பது கேள்விகளில் ஐந்து எனக்குக் கிடைத்தன. அவற்றில் ஒன்று: "இன்சுலினை மாத்திரையாக விழுங்காமல் ஊசியாகப் போடுவது ஏன்?" மேடையில் இருந்த மூன்று குழுக்களும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டன. முன்பு நான் மாமாவைப் பார்த்தது போலவே. அரங்கத்துக்கு விட்டபோது, பின்வரிசையிலிருந்து முதலாண்டு மாணவி ஒருத்தி எழுந்தாள். இன்சுலின் ஒரு வகைப் புரதம், விழுங்கினால் முட்டை செரிப்பது போல வயிற்றிலேயே செரித்துவிடும், இரத்தத்துக்குப் போய்ச் சேராது என்றாள். எப்படித் தெரியும் என்று அறிவிப்பாளர் கேட்டார். "அம்மாவுக்கு நான்தான் சார் ஊசி போடுறேன்" என்றாள். யாரும் எழுந்து போகவில்லை என்பதைச் செயலவையின் கவனத்துக்கு இங்கே பணிவோடு கொண்டுவருகிறேன்.

மாமா இப்போது ஊசி போட்டுக்கொள்கிறார். வேலைக்கும் திரும்பிவிட்டார். போன வாரம் தொலைபேசியில் அழைத்து, பாதி போட்ட ஊசிப் பேனாவை லோரி முன்பெட்டியிலேயே வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். தெரியவில்லை மாமா, கேட்டுச் சொல்கிறேன் என்றேன். விடுதியில் பக்கத்து அறையில் மருந்தியல் படிக்கும் நண்பனைப் பிடித்தேன். பயன்படுத்தத் தொடங்கிய பேனா சாதாரண அறை வெப்பத்தில் சுமார் நான்கு வாரம் தாங்கும், ஆனால் வெயிலில் நிற்கும் லோரிக்குள் 30 பாகைக்கு மேல் எளிதில் ஏறிவிடும், அந்தச் சூட்டில் மருந்து கெட்டுவிடும், பார்வைக்கு வித்தியாசமே தெரியாமலும் இருக்கலாம் என்றான். அரை மணியில் மாமாவைத் திருப்பி அழைத்துச் சொன்னேன். ஒரு சின்ன குளிர்ப்பை வாங்கிக்கொள்வதாகச் சொன்னார். "இதை எந்தப் போட்டியிலடா கேட்டாங்க?" என்று சிரித்தார். அடுத்த ஆண்டுத் தாளுக்கு அந்தக் கேள்வியைக் குறித்து வைத்திருக்கிறேன்.